தினம் ஒரு ஈ

இன்ஜின் நின்றபோது சின்னவன் வாயில் பாதி கரைந்த எலுமிச்சை மிட்டாய் ஒன்று இருந்தது. தரையிறங்கிய பிறகும் அது ஏறக்குறைய அதே அளவில் இருந்தது. நடந்ததெல்லாம் அரை நிமிடத்துக்குள் என்பதை அவன் பிறகு அந்த மிட்டாயை வைத்துத்தான் சொன்னான்.

பழத்தோட்டம் ஒன்றுக்கு மருந்தடித்துவிட்டுக் காலித் தொட்டிகளோடு திரும்பிக்கொண்டிருந்தான். மணி பதினொன்று. வானத்தில் ஒரு மேகம் கூட இல்லை. ஹெலிகாப்டர் இரண்டு முறை இருமியது. மூன்றாவது முறை இருமவில்லை. இத்தனை வருடமாகக் காதை அடைத்துக்கொண்டிருந்த சத்தம் சட்டென்று இல்லாமல் போனதில், தலைக்கு மேல் இறக்கைகள் காற்றை வெட்டும் ஓசை மட்டும் தனியாகக் கேட்டது.

இன்ஜின் நின்றுபோன ஹெலிகாப்டர் கல்லைப்போல் விழும் என்று பலரும் நினைக்கிறார்கள். விமானி உடனே நெம்புகோலை அடிவரை இறக்கிவிட்டால் அப்படி விழாது. கீழிருந்து வரும் காற்றே இறக்கைகளைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றைச் சேமித்து வைத்துத் தரைக்குப் பக்கத்தில் ஒரு தடவை செலவழிக்கலாம். இரண்டாவது தடவைக்கு மிச்சம் இருக்காது. சின்னவனின் இடது கை அவனைக் கேட்காமலே நெம்புகோலை இறக்கியிருந்தது. இடப்பக்கம் மின்கம்பிகள், வலப்பக்கம் ஆறு. நேர் எதிரே சீராக, பச்சையாக, மேடு பள்ளமில்லாமல் ஒரு காலிஃபிளவர் வயல். அவன் காலிஃபிளவரைத் தேர்ந்தெடுத்தான்.

இறங்கியது கொஞ்சம் பலமான இறக்கம்தான். ஹெலிகாப்டரின் ஒரு பக்கத்துக் கால் வளைந்தது. நாலு வரிசை காலிஃபிளவர் நசுங்கியது. சின்னவனுக்கு ஒரு கீறல்கூட இல்லை. கதவைத் திறந்து இறங்கி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் வரப்பில் உட்கார்ந்தான்.

மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயல்காரம்மா நடந்து வந்தாள். ஓடி வரவில்லை. இலைகளை மிதிக்காமல் பார்த்துப் பார்த்துக் காலை வைத்து வந்தாள்.

"ஏம்ப்பா, மருந்தடிக்க வாங்க வாங்கன்னு மூணு தடவ போன் பண்ணேன். அப்பல்லாம் வரல. இப்ப கூப்பிடாமலே வந்து நிக்கிற."

"இன்ஜின் நின்னுடுச்சும்மா."

"அதான் கேட்டுச்சே. கேக்கலையேன்னுதான் தல தூக்கிப் பாத்தேன்." அவனை மேலும் கீழும் பார்த்தாள். "அடி கிடி இல்லயே? பயந்துட்டியா?"

"இல்லம்மா," என்றான் சின்னவன். உடனே அவனுக்கு விக்கல் எடுத்தது.

இது சின்ன வயதிலிருந்தே அவனுக்கு உண்டு. பொய் சொன்னால் விக்கும். இதனாலேயே அவன் சீட்டாட உட்காருவதில்லை. வயல்காரம்மாவுக்கு இந்தக் கதை தெரியாது. ஆனாலும் இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டி, "முதல்ல இதக் குடி. வீராப்பு எங்கயும் போயிடாது," என்றாள்.

*

அந்த ஹெலிகாப்டரைப் பார்த்துக்கொண்டது மூன்று பேர். மூவரும் ஒரே குடும்பம். ஓட்டுவது சின்னவன். எரிபொருள் டேங்கர் லாரியோடு தோட்டம் தோட்டமாகப் போய் நிரப்பிக் கொடுப்பது அவன் அண்ணன் பெரியவன். மெக்கானிக், பெரியவனின் மனைவி. வேலை செய்யும் ஷெட்டிலும் வீட்டிலும் அவளுக்கு அண்ணி என்றுதான் பெயர், போனில் கூப்பிடும் தோட்டக்காரர்கள்கூட "அண்ணி இருக்காங்களா?" என்றுதான் கேட்பார்கள். மெக்கானிக் லைசென்ஸ் பரீட்சையில் மூன்று முறை தோற்று நாலாவது முறை தேறியவள். கையெழுத்துப் போடும் உரிமை அந்த ஷெட்டில் அவள் ஒருத்திக்குத்தான் உண்டு. அவள் கையெழுத்து இல்லாமல் இயந்திரம் தரையைவிட்டு எழும்பக் கூடாது.

ஒன்பது வருடமாக அதைக் கழற்றி மாட்டுகிறவள், ஒரு நாளும் அதில் ஏறிப் பறந்ததில்லை. "தரையில இருக்கற வரைக்கும் அது என் மெஷின். மேல போயிட்டா தம்பியோட சமாச்சாரம்," என்பாள்.

எரிபொருள் தொட்டியின் அடியில் ஒரு சின்னக் குழாய் உண்டு. தண்ணீர் எரிபொருளைவிடக் கனமானது. ஏதாவது சேர்ந்திருந்தால் அடியில்தான் போய்த் தங்கும். அதனால் தினமும் காலையில் அந்தக் குழாயைத் திறந்து கொஞ்சம் வடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்க வேண்டும். இதற்கு அண்ணி ஒரு பழைய ஜாம் பாட்டிலை வைத்திருந்தாள். வடித்துப் பார்த்ததும் அதைக் கீழே கொட்டாமல் ஜன்னல் விளிம்பில் நிறுத்திவைப்பாள். பறக்கப் போகும்முன் சின்னவன் ஜன்னலைப் பார்ப்பான். பாட்டில் நிறைந்து நின்றால் இன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். மாலையில் பெரியவன் அதைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்து வைப்பான். கவிழ்ந்திருந்தால் இன்னும் வடிக்கவில்லை என்று அர்த்தம். ஒன்பது வருடத்தில் இதைப் பற்றி ஒருவருக்கொருவர் வாய் திறந்து பேச வேண்டியே இருக்கவில்லை. அவ்வளவு நல்ல ஏற்பாடு.

இருபத்திரண்டு நாளைக்கு முன், மாலையில், அண்ணி வீட்டில் பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி விழுந்தாள். வலது மணிக்கட்டு முறிந்தது. ஹெலிகாப்டர் முதுகில் வருடக்கணக்கில் ஏறி இறங்குகிறவள் இரண்டடி ஸ்டூலிலிருந்து விழுந்ததை நினைத்துப் பெரியவன் மருத்துவமனையில் சிரித்துவிட்டான். அதற்கு மூன்று நாள் அவள் வீட்டில் அவனோடு பேசவில்லை.

மறுநாளே கையில் மாவுக்கட்டோடு ஷெட்டுக்கு வந்து மேஜையில் உட்கார்ந்து போன் எடுத்தாள். "காலையில வடிக்கறத உங்க ரெண்டு பேர்ல ஒருத்தர் பாத்துக்கங்க," என்று சொன்னாள். இருவரும் "சரி" என்றார்கள். மருந்தடிக்கும் பருவம் உச்சத்தில் இருந்தது. பெரியவன் மாலையில் ஷெட்டுக்கு வராமல் தோட்டத்திலிருந்தே நேராக வீட்டுக்குப் போனான். பாட்டில் கவிழவில்லை.

*

பெரியவனும் அண்ணியும் டேங்கர் லாரியிலேயே வயலுக்கு வந்துசேர்ந்தார்கள். அண்ணி முதலில் சின்னவனின் தோள், முழங்கை, முழங்கால் எல்லாவற்றையும் இடது கையால் அழுத்தி அழுத்திப் பார்த்தாள், திருகு தளர்ந்திருக்கிறதா என்று பார்ப்பதைப் போல.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணி. கழட்டிப் பாக்க வேணாம்."

"பேசாத." பிறகு ஹெலிகாப்டரை ஒருமுறை சுற்றி வந்தாள். விசாரணை அதிகாரி வரும்வரை எதையும் தொடக் கூடாது என்பது சட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

"காலையில வடிச்சுப் பாத்தது யாரு?"

"அண்ணன்தான்," என்றான் சின்னவன்.

"இவன்தான்," என்றான் பெரியவன்.

வயல்காரம்மா மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு அதன்மேல் மோவாயை வைத்தாள். இந்தக் கட்டத்தில் கிளம்பிப் போக அவளுக்கு மனம் வரவில்லை.

"நேத்து?"

"அண்ணன்."

"டேய், நான் எங்கடா வடிச்சேன்? நான் வரும்போதே பாட்டில் நிறைஞ்சு நிக்கும். நீ சீக்கிரமா வந்து முடிச்சுட்டேன்னு நினைச்சேன்."

"நான் வரும்போதும் நிறைஞ்சுதான் நின்னுச்சு. நல்லா பளிச்சுனு, தெளிவா. அந்த ஈயத் தவிர."

"ஆமா, ஈ," என்றான் பெரியவன். "அந்தச் சனியனுங்களுக்கு எண்ணெய் வாசன பிடிக்கும்போல. தினம் ஒண்ணு விழுந்து கிடக்குது."

"அதான் நானும் நினைச்சேன். தினம் ஒரு ஈ…"

சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னவனின் குரல் இறங்கியது. இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"மல்லாந்து கிடக்கும்?" என்று கேட்டான் பெரியவன்.

"மல்லாந்து. ஒரு இறக்க மட்டும் விரிஞ்சு."

அண்ணி கண்ணை மூடிக்கொண்டாள். தன் மேஜையிலிருந்து தினமும் அந்த ஜன்னலைப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பாட்டில் நிறைந்திருந்தது. நடுவில் ஒரு கரும்புள்ளி. கண்ணாடியில் கறை என்று நினைத்தாள். அதைப் பார்த்துத்தான் தினமும் இடது கையால், கோழி கிளறியதைப் போன்ற எழுத்தில், 'எரிபொருள் சரிபார்க்கப்பட்டது' என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

"அந்த எண்ணெய நான்தாங்க வடிச்சேன்," என்றாள். "கை ஒடிஞ்ச அன்னிக்குக் காலையில. இருபத்திரண்டு நாளாச்சு."

"அப்ப அந்த ஒரே ஈ இருபத்திரண்டு நாளா டூட்டி பாத்திருக்குன்னு சொல்லுங்க," என்றாள் வயல்காரம்மா. முதலில் சிரித்தது சின்னவன். பிறகு பெரியவன். இருவருக்கும் அடக்க முடியவில்லை. உயிர் பிழைத்தவன் சிரிக்கிற சிரிப்பு அது. அண்ணி சிரிக்கவில்லை.

*

விசாரணை அதிகாரி மறுநாள் பத்து மணிக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். எட்டு மணிக்கு அண்ணி ஷெட்டுக்குள் நுழைந்தபோது பெரியவன் கைகழுவும் தொட்டியடியில் நின்றான், பக்கத்தில் சின்னவன். பெரியவனின் ஒரு கையில் ஜாம் பாட்டில், மறு கையில் சோப்பு.

"என்ன பண்றீங்க?"

"பாத்திரம் கழுவறேன்."

"வீட்ல என்னிக்காவது கழுவியிருக்கீங்களா?"

பெரியவன் தண்ணீர்க் குழாயில் வைத்த கையை எடுக்கவில்லை, திறக்கவும் இல்லை. "இந்தா பாரு. நாலு தடவ பரீட்ச எழுதி வாங்கின லைசென்ஸ். ஒரு ஈக்காக அது போகணுமா? தினமும் வடிச்சோம், நேத்துக் காலையிலதான் தண்ணி சேந்துச்சுன்னு சொல்லிடலாம். யாருக்குத் தெரியப் போகுது? டேய், சொல்லுவல்ல?"

"சொல்றேன் அண்ணே. தினமும் வடிச்சோம்." சொல்லி முடிப்பதற்குள் விக்கல் வந்துவிட்டது. இரண்டு, மூன்று, நாலு. ஷெட்டின் தகரக் கூரையில் அது எதிரொலித்தது.

"பாத்தீங்களா? இவன வச்சுக்கிட்டுப் பொய் சொல்லப் போறீங்களா?" அண்ணி கணவன் கையிலிருந்து பாட்டிலை வாங்கி மேஜையின் நடுவில் வைத்தாள். நாற்காலியை இழுத்து அதன் எதிரே உட்கார்ந்தாள். "விக்கல் வரலன்னாலும் சொல்ல விடமாட்டேன். அவன் பாட்டில நம்பி ஏறலங்க. என் கையெழுத்த நம்பி ஏறினான். இன்ஜின் ஒரு நிமிஷம் முன்னாடி நின்னிருந்தா கீழ ஆறு. லைசென்ஸ் போனா இன்னொரு தடவ எழுதிக்கலாம்."

"அஞ்சாவது தடவையா?"

"அஞ்சாவது தடவ. ஏன், உங்களுக்கு வலிக்குதா?"

பெரியவன் சோப்பை எடுத்த இடத்தில் வைத்தான். ஆனால் இந்த வேலை இல்லாமல் தான் யார் என்று அண்ணிக்குச் சொல்லத் தெரியாது.

*

அதிகாரி ஒல்லியான, முகத்தில் எதுவும் காட்டாத மனிதர். கதவைத் திறக்கக் காலால் ஒரு பெட்டியை நகர்த்தினார். நகர்த்தியவர் குனிந்து அதன் மேலிருந்த சீட்டைப் படித்தார்.

"இது என்ன?"

"கதவு காத்துல அடிச்சுக்கும் சார். அதுக்கு முட்டு," என்றான் பெரியவன்.

"உள்ள புது ஃபில்டர்னு போட்டிருக்கு."

"ஆமா சார்."

"கதவுக்கு நல்லா வேல செய்யுதா?"

எரிபொருளை வடிகட்டும் அந்த ஃபில்டர் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. பழையதை மாற்ற வேண்டிய கெடு தாண்டிப் பன்னிரண்டு நாள். கையில் மாவுக்கட்டுப் பிரித்ததும் மாற்றலாம் என்று அண்ணி தள்ளிப்போட்டிருந்தாள்.

வயலுக்குப் போய் இயந்திரத்தைத் திறந்தார்கள். பழைய ஃபில்டர் வெளியே வந்தபோது அது ஃபில்டர் மாதிரி இல்லை. பழுப்பு நிறத்தில் குழகுழவென்று, குளத்துக் கல்லில் படியும் பாசியைப் போல ஏதோ ஒன்று அதன் மடிப்புகளை அடைத்திருந்தது. டேங்கர் லாரியின் மூடியில் ரப்பர் வளையம் வெடித்திருந்தது. மழைத்தண்ணீர் அது வழியாகச் சொட்டுச் சொட்டாக உள்ளே போய், அங்கிருந்து ஹெலிகாப்டரின் தொட்டிக்கு வந்து, யாரும் வடிக்காத அடியில் நிம்மதியாகத் தங்கிப் பாசி வளர்த்திருக்கிறது.

ஷெட்டுக்குத் திரும்பியதும் அதிகாரி மூவருக்கும் ஆளுக்கொரு தாள் கொடுத்தார். ஒருவரை மேஜையிலும், ஒருவரை லாரியிலும், ஒருவரைப் படிக்கட்டிலும் உட்காரவைத்தார். தினமும் காலையில் ஜன்னலில் பார்த்ததை எழுதச் சொன்னார். எழுதி முடித்ததும் வாங்கி நின்றபடியே படித்தார்.

பெரியவன் எழுதியிருந்தான்: 'ஈ மல்லாந்து கிடந்தது. ஆறு காலும் மேலே.' சின்னவன் எழுதியிருந்தான்: 'இடது இறக்கை விரிந்திருந்தது. தினம் வேறு ஈ என்று நினைத்தது என் முட்டாள்தனம்.' அண்ணியின் தாளில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது: 'கண்ணாடியில் கறை என்று நினைத்தேன். என் மேஜையிலிருந்து ஜன்னல் ஏழடி. எழுந்து போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமல் கையெழுத்துப் போட்டேன். ஃபில்டர் கெடு தாண்டியதும் எனக்குத் தெரியும்.'

அதிகாரி பாட்டிலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். எரிபொருள் ஆவியாகி இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. இறங்கிய இடமெல்லாம் உட்புறத்தில் மெல்லிய கோடுகள்.

"இருபத்தஞ்சு வருஷமா இந்த வேல பாக்கறேன்," என்றார். "எங்க போனாலும் பாட்டிலக் கழுவி, காயவச்சு, துணி போட்டுத் துடைச்சு வச்சிருப்பாங்க. இப்பத்தான் முதல் தடவையா அழுக்குப் பாட்டில் பாக்கறேன்."

"அது அழுக்கு இல்ல சார்," என்றாள் அண்ணி. "ரொம்பச் சுத்தமான எண்ணெய். அழுக்கா இருந்திருந்தா முதல் நாளே முழிச்சிருப்போம்."

அவருடைய உதடு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்துக்கொண்டது. அதைச் சிரிப்பு என்று சொல்லலாமா என்று மூவரும் பிறகு நெடுநாள் விவாதித்தார்கள். பாட்டிலை ஒரு பையில் போட்டு ஒட்டி, ரசீது எழுதிக் கொடுத்தார்: 'ஜாம் பாட்டில் ஒன்று. எரிபொருள், முக்கால் அளவு. ஈ ஒன்று.'

*

கடிதம் பத்தாம் நாள் வந்தது. அண்ணி பிரிக்க மறுத்தாள். சின்னவன் பிரித்து உரக்கப் படித்தான். லைசென்ஸ் ரத்து இல்லை. மூன்று மாதம் நிறுத்திவைப்பு. எரிபொருள் பகுதிக்கு மட்டும் மறுபரீட்சை. சின்னவன் ஒரு மாதம் பறக்கக் கூடாது. பெரியவன் எரிபொருள் கையாளும் பயிற்சிக்குப் போக வேண்டும். கடைசிப் பத்தியில், மூவரின் வாக்குமூலமும் ஒன்றோடொன்று பொருந்தியதும், தடயம் எதுவும் அழிக்கப்படாததும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்பட்டதாக இருந்தது.

"தடயம்னா யாரு?" என்றான் பெரியவன்.

"ஈதான் அண்ணே."

அண்ணி எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து முகம் கழுவிக்கொண்டு வந்து, "புத்தகம் எங்க வச்சேன்?" என்று கேட்டாள்.

சமையலறை மேஜையில் பரீட்சைக்குப் படிப்பு நடந்தது. வயல்காரம்மா நசுங்கிய காலிஃபிளவரையெல்லாம் லாரியில் ஏற்றி அனுப்பியிருந்தாள். "நீங்க கெடுத்தத நீங்களே தின்னு தீருங்க" என்று. அண்ணி பதில் சொல்ல, பெரியவன் பூவை நறுக்கிக்கொண்டே கேள்வி கேட்டான். தப்பாகச் சொன்னால் அன்று இரவும் காலிஃபிளவர். எட்டாவது நாளிலிருந்து அவள் ஒன்றுகூடத் தப்பாகச் சொல்லவில்லை.

*

மூன்று மாதம் கழித்து ஹெலிகாப்டர் ஷெட்டின் முன்னால் நின்றது. புதுக்கால், புது ஃபில்டர். டேங்கருக்குப் புது வளையம். கதவுக்கு முட்டாக ஒரு செங்கல். ஜன்னல் விளிம்பு காலியாக இருந்தது. இனிமேல் அங்கே எதுவும் நிற்காது. அண்ணி குழாயைத் திறந்து புதுப் பாட்டிலில் வடித்தாள். வெளிச்சத்தில் பார்த்தாள். சின்னவன் கையில் கொடுத்தாள். அவன் பார்த்துப் பெரியவனிடம் கொடுத்தான். பெரியவன் பார்த்துவிட்டு அங்கேயே கழிவு டப்பாவில் கொட்டி, பாட்டிலைக் கவிழ்த்தான்.

"ஈ இல்ல," என்றான்.

அண்ணி வலது கையால், பழைய அழகான எழுத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவை மூடியபோது சின்னவன் பக்கத்து இருக்கையின் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான்.

"ஏறுங்க அண்ணி."

"நானா? எதுக்கு?"

"கையெழுத்துப் போட்டவங்க முதல் ரவுண்டு வரணும். நம்ம ஷெட்ல புதுச் சட்டம்."

"யாரு போட்டது?"

"இப்பத்தான். நானும் அண்ணனும்."

அண்ணி கணவனைப் பார்த்தாள். அவன் வானத்தைப் பார்த்தான். "தம்பி, எனக்குத் தல சுத்தும்."

"அன்னிக்கு எனக்கும் சுத்துச்சு."

அவள் ஒரு காலைப் படியில் வைத்தாள். அப்படியே நின்று, "அன்னிக்கு ரொம்பப் பயந்துட்டியா?" என்று கேட்டாள். மூன்று மாதமாகக் கேட்காமல் வைத்திருந்த கேள்வி.

"ரொம்ப," என்றான் சின்னவன்.

அவள் காத்திருந்தாள். விக்கல் வரவில்லை. ஏறி உட்கார்ந்து பெல்ட்டை இழுத்து மாட்டினாள். மாட்டியதை இரண்டு முறை இழுத்துப் பார்த்தாள்.

தரை விலகியபோது கண்ணை இறுக்க மூடிக்கொண்டவள், இன்ஜின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு, அதில் குறை எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகு ஒரு கண்ணைத் திறந்தாள். பிறகு மற்றதையும் திறந்தாள். ஷெட்டின் கூரை தீப்பெட்டி மாதிரி இருந்தது. வாசலில் பெரியவன் புள்ளியாக நின்று கையசைத்தான். ஆறு, மின்கம்பி, அப்புறம் சதுரமாக, பச்சையாக அந்த வயல். மறுபடி நட்டிருந்தார்கள். வரிசைகளுக்கு நடுவில் ஒரு உருவம் மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து பார்த்தது.

"வயல்காரம்மா!" என்று கத்தினான் சின்னவன். "கை காட்டறாங்க, பாருங்க!"

அண்ணி கண்ணாடியோடு முகத்தை ஒட்டிப் பார்த்தாள். வயல்காரம்மா மண்வெட்டியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, வானத்தை நெட்டித் தள்ளுவதைப் போல, மேலே மேலே என்று ஆட்டிக்கொண்டிருந்தாள்.

"கை காட்டலப்பா," என்றாள் அண்ணி. "இறங்கிடாதீங்க, அப்படியே போயிடுங்கன்னு சொல்றாங்க."